பக்கத்து முற்றம்

முற்றம் என்று அதற்குப் பெயர். ரிமாண்ட் சிறையின் மொட்டைமாடியில், வட்டக் கேக்கைத் துண்டு போட்டது போலத் தடுத்த கான்கிரீட் இடங்கள். மேலே கம்பி வலை. குறுகலான முனையில் கதவு. எல்லாத் துண்டுகளும் சேரும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் காவலர் ஒருவர் காபி குடித்தபடி நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு துண்டுக்கு ஒரு ஆள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்.

மழை பெய்தாலும் நான் போவேன். அறைக்குள் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: மற்றவர்களின் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள், செருப்பைத் தேய்த்து நடப்பார்கள். யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

என் மேல் முழுத் தொடர்புத் தடை இருந்தது. போன், கடிதம், செய்தித்தாள், டி.வி. எதுவும் கிடையாது. மற்ற கைதிகளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அரசு வழக்கறிஞர் கேட்பார், நீதிபதி கொடுப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழே அழைத்துப்போய் அதே மேசைக்கு முன் உட்காரவைத்து நீட்டிப்பார்கள். நானும் என் அண்ணன் மால்தேயும் பேசிவைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்லிவிடுவோம் என்பது காரணம். அவனை வேறு ஊரில் வைத்திருப்பதாக என் வக்கீல் குன்வோர் சொல்லியிருந்தார்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். வெளியே இருந்தபோது நான் போய்க்கொண்டிருந்த மாலை வகுப்பில், பார்த்ததை ஒரு வரியிலும் நினைத்ததை அடுத்த வரியிலும் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள் என்பார்கள். எனக்கு அது சரியாக வந்ததேயில்லை.

ஆகஸ்டில் எங்கள் தீவில், படகுக் கொட்டகையின் முன்னால், சிங்கி இறால் விருந்து. காகிதத் தொப்பிகள், நிலா முகம் வரைந்த காகித விளக்குகள், ஒவ்வொரு கிளாஸ் சாராயத்துக்கும் ஒரு பாட்டு. பக்கத்துப் படகுத்துறைக்காரன் ஸ்தெல்லானுக்கும் மால்தேக்கும் படகு கட்டும் இடத்தைப் பற்றி வெகுநாள் தகராறு. மற்றவர்கள் கிளம்பிய பிறகு நாங்கள் மூன்று பேரும் பாறைமேல் நின்றிருந்தோம். இரண்டு பேரும் கத்தினார்கள். மால்தேயின் ஒரு கை முன்னால் போனது. ஸ்தெல்லான் மல்லாந்து விழுந்தான், பின்மண்டை பாறையில் மோதியது. இவ்வளவும் நான் பார்த்தது. அந்தக் கை அவன்மேல் பட்டதா, தள்ளப் போனதா, பிடிக்கப் போனதா என்பது எனக்குத் தெரியவில்லை. ஸ்தெல்லான் ஆஸ்பத்திரியில் இன்னும் பேச்சு வராமல் கிடக்கிறான்.

போலீசில் விசாரித்தவர் பெர்னில்லா என்ற அதிகாரி. "தள்ளினாரா, தள்ளலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று என்னையும் உள்ளே வைத்தார்கள்.

உள்ளே என்னோடு பேசுகிற ஒரே ஆள் சாப்பாடு கொண்டுவரும் காவலர் யெர்க்கர். அதுவும் கதவில் இருக்கும் திறப்பு வழியாகத் தட்டு கைமாறும் நேரமும், மாடிக்கு அழைத்துப்போகும் நேரமும் மட்டும்.

"ஹில்மா, இன்னைக்கு வியாழன். பட்டாணி சூப்பு, அப்புறம் பேன்கேக். வியாழன்னா நாடு பூரா இதைத்தான் தின்னுக்கிட்டிருக்கு. நீ தனியா சாப்பிடறதா நெனைச்சுக்காத."

"ஜாம் இருக்கா?"

"ஒரு ஸ்பூன் இருக்கு. எல்லாருக்கும் அதே ஒரு ஸ்பூன்தான், ராஜா வந்தாலும்."

திறப்பு மூடிக்கொள்ளும். பிறகு மறுநாள் காலைவரை பேச வேறு யாரும் இல்லை. சில சமயம் அவர் சொன்னதையே நான் வாய்விட்டுத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். என் குரல் கரகரவென்று, யாருடையதோ போல இருக்கும்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, யெர்க்கர் கொட்டாவி விட்டபடி என்னை மாடிக்கு அழைத்துப்போனார்.

"தூக்கமே இல்லம்மா. பக்கத்து ஊர்ல இருந்து நேத்து ஒரு வண்டி நிறைய ஆள இறக்கிட்டாங்க. அங்க இடமில்லையாம். இங்க மட்டும் என்ன, அரண்மனையா?"

முற்றத்துக் கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. வழக்கம்போலச் சுவரோரமாக நடந்தேன். சுவரின் அடியில், மழைத்தண்ணீர் ஓட, பக்கத்து முற்றத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் தாழ்ந்த குரல் ஒன்று வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

நின்றுவிட்டேன்.

"பதில் சொல்ல வேணாம். நான் சாக்ஸ இழுத்து விடற மாதிரி குந்தியிருக்கேன். கூண்டுக்காரர் திரும்பினா எழுந்துருவேன். சும்மா ஒரு ஆள்கிட்ட பேசணும்போல இருக்கு, அவ்வளவுதான். முந்தாநாள் அந்த ஊர்ல என் ரூம்ல இருந்த தண்ணிக் குழாய்க்கு குட்மார்னிங் சொன்னேன். கண்டுக்கவே இல்ல. திமிர் புடிச்ச குழாய்."

அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். மூக்கால் இரண்டு முறை காற்றை விடும் சிரிப்பு. சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து என் வாழ்நாள் முழுக்க நான் கேட்ட சிரிப்பு அது. சுவருக்கு அந்தப் பக்கம் மால்தே இருந்தான்.

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி ஜெயிலா காட்டறாங்க. இலவச சுற்றுலா. இந்த ஊர்ல ரொட்டி பரவால்ல. அந்த ஊர்ல செருப்பு மாதிரி இருக்கும்... ஏங்க, இருக்கீங்களா? காலைக் கொஞ்சம் தரையில தேச்சீங்கன்னா போதும். மனுஷங்கதான் இருக்காங்கன்னு நெனைச்சுக்கறேன்."

நான் செருப்பைத் தரையில் தேய்த்தேன்.

"ஆ!" என்றான் மால்தே. அவ்வளவு சந்தோஷம் அந்த ஒரு எழுத்தில். "நன்றிங்க. பெரிய மனசு உங்களுக்கு."

அதற்குப் பிறகு அவன் காலநிலையைப் பற்றிப் பேசினான். மேலே போகும் கடற்காக்கையைப் பற்றிப் பேசினான். நான் தலையைக் குனிந்து, மெதுவாக, அவன் பக்கத்துச் சுவரோரமே நடந்துகொண்டிருந்தேன். அறைக்குத் திரும்பியபின் வெகுநேரம் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். செருப்பைத் தேய்த்தது தொடர்பு ஆகுமா? யெர்க்கரிடம் சொல்ல வேண்டுமா? சிறை தவறு செய்துவிட்டது, அது எனக்குத் தெரிந்தும் சொல்லாமலிருந்தால் அது என் தவறாகிவிடும். சொன்னால் நாளைக்கு அந்தக் குரல் இருக்காது. நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்தேன், யெர்க்கரே ஆச்சரியப்பட்டார்.

வியாழக்கிழமை எனக்கு அடுத்த நீட்டிப்பு விசாரணை. இந்த முறை நம்பிக்கை இருக்கிறது என்று குன்வோர் சொல்லியிருந்தார். ஒரு சின்ன விதிமீறல்கூட இல்லாமல் அதுவரை இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மால்தேயின் குரலில் சிரிப்பு இல்லை.

"நேத்து செருப்பு தேச்ச ஆள்தானே? உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லிட்டா நாளைக்குச் சுலபமா இருக்கும். நாளைக்கு என்னை விசாரிக்க வர்றாங்க. ஒத்துக்கப் போறேன்."

நான் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூண்டிலிருந்து பார்ப்பார்கள்.

"செஞ்சியாடான்னு கேக்காதீங்க. அந்த ஒரு செகண்ட எத்தனையோ தடவ ஓட்டிப் பாத்தாச்சு. தேஞ்சே போச்சு, இப்ப ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ஆனா என் தங்கச்சி இருக்கா பாருங்க, அவளையும் எங்கயோ உள்ள வெச்சிருக்காங்க. அவ கதவப் பூட்டினோமான்னு படகுல ஏறின பிறகு எறங்கிப் போய்ப் பாக்கற ஜாதி. அந்த மாதிரி ஆள ஒரு ரூம்ல தனியா போட்டா என்ன ஆகும்? மண்டைக்குள்ளயே சுத்திச் சுத்தி... நான் ஒத்துக்கிட்டா அவளை வெச்சிருக்க அவங்களுக்குக் காரணம் இல்ல. விட்டுருவாங்க."

பேசினால், 'வேண்டாம்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால்கூட, அரசு வழக்கறிஞர் இத்தனை நாள் பயந்தது அப்படியே நடந்ததாகிவிடும். எங்கள் இரண்டு பேரையும் இன்னும் பல மாதம் பிரித்துவைப்பார்கள். பேசாமலிருந்தால் நாளைக்கு அவன், தனக்கே தெரியாத ஒன்றை, எனக்காக ஒத்துக்கொள்வான். மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. கதவுக்குப் பக்கத்தில் மணி இருந்தது. அதை அடித்து உண்மையைச் சொன்னால், பேச வாய்ப்பிருந்தும் பேசாதவள் என்று என்னை நம்புவார்கள். வியாழக்கிழமை விட்டுவிடுவார்கள். நான் வெளியே வந்துவிட்டால் அவன் ஒத்துக்கொள்ளக் காரணமே இல்லை. அப்போது இது மிகச் சரியாகத் தோன்றியது.

மணியை அழுத்தினேன். சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"என்ன?"

"நாலாவது முற்றம், ஹில்மா பேசறேன். பக்கத்துல இருக்கறது என் அண்ணன். தப்பா போட்டுட்டீங்க."

ஒலிபெருக்கி அணைந்தது. அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. அப்போதுதான், மணியில் பேச வாயைத் திறக்க வேண்டும் என்பதும், அது அவனுக்கும் கேட்கும் என்பதும் எனக்கு உறைத்தது.

"குட்டி?" என்றான் மால்தே. ஓட்டைக்கு மிக அருகிலிருந்து. "குட்டி, நீயா?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நேத்தும் நீதானா?"

அவன் முற்றத்தின் கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம். "எழுந்திருங்க, உள்ள போகலாம்." அவன் அவசரமாக, இப்போது தணிக்காமல் உரக்கவே சொன்னான்:

"சரி, சரி, நீ பேசாத. நல்லா பண்ணின. பேசாத. இந்த வாரமே வெளிய வந்துருவ, பாத்துக்க!"

கதவு மூடியது. பிறகு என் கதவு திறந்தது. யெர்க்கர் மூச்சுவாங்க நின்றார்.

"பேசினியா?"

"இல்ல. நேத்து ஒரு தடவ செருப்பத் தரையில தேச்சேன்."

"என்னது?"

"கேட்டான், தேச்சேன். அதையும் எழுதிக்குங்க."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல செருப்பு தேச்சத எழுதினதில்லம்மா," என்றார். ஆனால் எழுதினார்.

மத்தியானமே குன்வோர் வந்துவிட்டார். அறுபது தாண்டியவர், குளிருக்கு மூக்கு சிவந்து, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"அரசு வழக்கறிஞர் எனக்கு போன் பண்ணினார். அவரா பண்ணினார், அதுவே அதிசயம். நீ மணி அடிச்சது அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வியாழக்கிழமை உன்னை வெச்சிருக்கச் சொல்லிக் கேக்கப் போறதில்ல. நீ வீட்டுக்குப் போற."

"அப்ப மால்தே ஒத்துக்க வேண்டியதில்ல," என்றேன். "அவன்கிட்ட சொல்லிருங்க. இன்னைக்கே."

குன்வோர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எப்படிச் சொல்றது?"

"அவன் வக்கீல்கிட்ட சொல்லுங்க. நான் வெளிய வர்றேன்னு மட்டும்."

"அவர் மேல தொடர்புத் தடை இன்னும் இருக்கு ஹில்மா. உன் வாய்ல இருந்து வந்த ஒரு சொல்லு, என் வழியாவோ அந்த வக்கீல் வழியாவோ, அவர் காதுக்குப் போகக் கூடாது. போனா எங்க லைசென்ஸ் போயிரும். அதுகூடப் போகட்டும். உன் வியாழக்கிழமையும் போயிரும்."

"ஆனா நல்ல செய்திதானே?"

"நல்லதோ கெட்டதோ, தடை தடைதான்."

இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள், இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் வெளியே வருவது முக்கியமில்லை. நான் வருவேன் என்று புதன்கிழமைக்குள் அவனுக்குத் தெரிய வேண்டும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் அதே கட்டிடத்தில், அதே கம்பி வலைக்குக் கீழே இருக்கிறேன் என்பதுதான். அதைத் தெரியவைத்ததும் நானேதான்.

புதன்கிழமை முற்றத்துக்குப் போனேன். இருபுறமும் காலியாக விட்டிருந்தார்கள். எவ்வளவு மெதுவாக நடந்தும் என் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது.

வியாழக்கிழமை விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. நீதிபதி என் பெயரைச் சொன்னார், காவல் ரத்து என்றார், அடுத்த வழக்கின் தாள்களைப் புரட்டினார். வாசலில் என் துணிகள் ஒரு காகிதப் பையில் கிடைத்தன. ஆகஸ்டில் போட்டிருந்த மெல்லிய சட்டை. குன்வோர் தன் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டேன்.

"நேத்துக் காலையில."

"என்னன்னு?"

"அவர் வக்கீல் இன்னைக்குத்தான் சொன்னார். கோவத்துல ரெண்டு கையாலயும் நெஞ்சுல வெச்சு தள்ளினேன்னு சொல்லியிருக்கார்." அவர் என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "இதுல ஒரு நல்லது இருக்கு. ஒத்துக்கிட்டதால தடையை எடுத்துருவாங்க. அடுத்த வாரமே நீ போய்ப் பாக்கலாம். கண்ணாடிகூட நடுவுல இருக்காது. மேசை, ரெண்டு நாற்காலி, காபி."

பார்க்கலாம். அந்தச் சொல்லை அன்று இரவு முழுக்க, கடைசிப் படகு போய்விட்டதால் தங்கிய விடுதி அறையின் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் உட்கார்வது. அந்தச் சிரிப்பைச் சுவர் இல்லாமல் கேட்பது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் விடாமல் வந்து நின்றது: இரண்டு கையாலும்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் நிலையத்துக்குப் போய் இயந்திரத்தில் டோக்கன் எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் பெர்னில்லாவைக் கேட்டேன். அவர் இறங்கி வந்து என்னை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போனார்.

"ஹில்மா, முதல்லயே சொல்லிடறேன். நீங்க இப்ப சந்தேக நபர் இல்ல. தங்கச்சிங்கறதால சாட்சி சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

"சொன்னா?"

"சொன்னா நீங்க சாட்சி. உங்க அண்ணன் சொல்றதுக்கு எதிரான சாட்சி. வழக்கு முடியற வரைக்கும் அவரைப் பாக்க முடியாது. போனும் கிடையாது, கடிதமும் கிடையாது."

"அடுத்த வாரம் பாக்கலாம்னாங்க."

"சொல்லலேன்னா பாக்கலாம்."

வெளியே யாரோ ஒரு குழந்தை பாஸ்போர்ட் போட்டோவுக்கு அழாமல் நிற்க மறுத்துக்கொண்டிருந்தது. பெர்னில்லா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"அவன் ரெண்டு கையாலயும் தள்ளல," என்றேன். "அவனோட எடது கை என் முழங்கையப் புடிச்சிருந்துச்சு. பாறைல பாசி. நான் வழுக்கினேன், அவன் புடிச்சான். ஸ்தெல்லான் விழுந்து தலை மோதற சத்தம் கேட்டப்பவும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். மறுநாள் அந்த இடம் கன்னிப்போயிருந்துச்சு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். முதல் தடவ கேட்டப்பவே. நீங்க, 'அந்தக் கைய விடுங்க, இன்னொரு கையப் பத்திச் சொல்லுங்க'ன்னீங்க."

பெர்னில்லா அதை மறுக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"இன்னொரு கை?"

"அது என்ன செஞ்சுதுன்னு இன்னைக்கும் தெரியல."

"அது தெரியல, இது மட்டும் தெரியும்."

"ஆமா."

"இது அவரைக் காப்பாத்தும்னு நெனைக்கறீங்களா?"

"தெரியல. காப்பாத்தாமயும் போகலாம். ஆனா அவன் செய்யாதத செஞ்சேன்னு எனக்காகச் சொல்லியிருக்கான்."

அவர் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, தேதியைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, இவர் சாட்சி என்று சொன்னார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் வாசல்வரை வந்தார்.

"யார்கிட்டயும் இதைப் பேசாதீங்க. ஊர்ல கேப்பாங்க. என்ன கேட்டாலும் பேசாதீங்க."

"வழக்கு எப்ப வரும்?"

"தேதி குறிக்கல. அந்த ஆள் தேறுவாரான்னு பாக்கணும். வசந்தத்துல இருக்கலாம். அதுக்கப்புறமும் இருக்கலாம்."

மாலையில் தீவுக்குப் போகும் படகில் என்னைத் தவிர யாரும் இல்லை. படகோட்டி ஸீவெர்ட் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர். என்னைக் கண்டதும் சுக்கான் அறையிலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வந்துட்டியா! நல்லதாப் போச்சும்மா. மால்தே எப்படி இருக்கான்?"

"தெரியல."

"பாக்கலையா இன்னும்?"

"இல்ல."

"பாக்க விடறாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்களே. அடுத்த வாரம் போவியா? புகைபோட்ட மீன் கொஞ்சம் தர்றேன், அவனுக்குப் புடிக்கும்."

"போகல, ஸீவெர்ட்."

அவர் என் கையை விட்டார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் சொல்ல முடிந்தது எதுவும் இல்லை என்பதால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடப்பிறந்தவனை இவள் கைவிட்டுவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார். நாளைக்குக் கடையிலும் அப்படித்தான் பேசுவார்கள்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "அது உன் இஷ்டம்."

கயிற்றை அவிழ்த்துவிட்டு, சுக்கான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளித்தட்டிலேயே நின்றுகொண்டு போனேன்.